கேட்ட பிறகு பேசக் கூடாது

அத்தியாயம் பதினொன்று

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, கணவனிடம் சொல்ல வேண்டியதை சுமித்ரா மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

"நான் கேப்பேன். கேட்டு முடிச்சதும் யாரும் பேசக் கூடாது. நீங்களுந்தான்."

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவன் ராமச்சந்திரன் சவரம் செய்தபடி கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தான்.

"தோட்டத்துத் தலைவன வாய மூடச் சொல்ற. இருவத்திரெண்டு வருசமா தொரைமாருகிட்ட பேசினவன் நான். தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

"அப்பா வாய்க்கு பிளாஸ்டர் வாங்கிட்டு வரவாம்மா?" என்றாள் சுதர்ஷினி. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பெண். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே வாயடிப்பாள்.

"வாங்கிட்டு வா. மொதல்ல ஒன் வாயில ஒட்டிப் பாப்போம்."

மூவரும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மொரகந்தை ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் பின்சுவரில் ஓடும் விரிசலைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் மழையில் மேட்டு மண் சரிந்து கடைசி வீட்டின் குசினியைக் கொண்டுபோனது. அடுப்புக்கு முன்னால் இருந்த சதீஸையும் கொண்டுபோனது. தண்ணீர் பிடிக்கப் போயிருந்த அவன் மனைவி விஜயகலா தப்பினாள். பிறகு அதிகாரிகள் வந்து அளந்து, இங்கே எவரும் குடியிருக்கக் கூடாது என்று சிங்களத்திலும் தமிழிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கே போய்க் குடியிருப்பது என்று இரண்டு மொழியிலும் எழுதவில்லை. வீடு கட்டித்தர அரசாங்கத்தில் திட்டம் உண்டு. ஆனால் கட்டுவதற்கு நிலம் காட்ட வேண்டும். தோட்ட நிர்வாகம் நிலம் இல்லை என்று கைவிரித்தது. பதினான்கு குடும்பங்கள் இன்னமும் அந்த விரிசலுக்கு முதுகைக் கொடுத்துத்தான் படுக்கின்றன.

ருவான்வெல்லை கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் புவாட் ஹாஜியாருக்கு, தோட்டத்து எல்லையை அடுத்து மூன்று ஏக்கர் மட்டமான காணி இருக்கிறது. அதில் ஒரு ஏக்கருக்கும் குறைவாகத்தான் தேவை. பதினான்கு வீட்டுக்குப் பதினான்கு துண்டு. அதைத்தான் சுமித்ரா இன்று கேட்கப்போகிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தொழிலாளர்களின் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. இப்போது ருவான்வெல்லையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சிறிய நிதியம் ஒன்றில் வேலை. வசதியுள்ளவர்களைப் போய்ப் பார்த்துப் பெரிய உதவி பெற்றுவருவது அந்த வேலை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்று அவளுக்குக் கற்றுத்தந்தவள் தக்‌ஷிகா. வடக்கே கோப்பாய்க்காரி. சுமித்ராவைவிட ஒன்பது வயது இளையவள். ஆனாலும் சுமித்ராவுக்கு அவள் 'மிஸ்'. அவளுக்கு இவள் 'அக்கா'.

தக்‌ஷிகாவின் முறைப்படி சுமித்ரா ஹாஜியாரிடம் ஐந்து முறை போயிருக்கிறாள். முதல் முறை கடையில் ஒரு பூட்டு வாங்கினாள். இரண்டாம் முறை, அவருடைய வாப்பா இந்தத் தோட்டத்து ஒட்டுப்பாலை, காய்ந்த ரப்பர் பாலை, மூட்டை கட்டிச் சைக்கிளில் ஏற்றிப்போன கதையைக் கேட்டாள். மூன்றாம் முறை அவருடைய மனைவி மௌத்தான துக்க வீட்டுக்குப் போய், பெண்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான்காம் முறை அவராகவே கேட்டார், லயத்தில் என்ன நடந்தது என்று. ஐந்தாம் முறை, வந்து பார்க்கிறேன் என்றார். ஐந்து முறையும் அவள் உதவி எதையும் கேட்கவில்லை.

அந்த முறையில் அவளுக்கு ஏறவே ஏறாத பாடம் ஒன்றுதான். அலுவலகத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு தக்‌ஷிகா கொடையாளியாக உட்கார்ந்துகொள்வாள். சுமித்ரா கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாய் திறக்கக் கூடாது. முதல் நாள் அவளால் பதினொரு விநாடிதான் தாங்க முடிந்தது. "முடியாட்டி பரவாயில்லங்க மிஸ்" என்றுவிட்டாள்.

"பாத்தீங்களே அக்கா? நான் இன்னும் இல்லையெண்டு சொல்லவே இல்லை. எனக்காண்டி நீங்களே சொல்லிப்போட்டியள்."

"சும்மா உக்காந்து மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்க ஒரு மாதிரியா இருக்குங்க மிஸ்."

"இருக்கத்தான் செய்யும். ஆனா கேட்டாப் பிறகு வாற அந்த அமைதி உங்கடை இல்லை, அவையின்ரை. அதுக்குள்ள நீங்கள் கால் வைக்கப்படாது."

ஏழு மாதம் பழகினாள். தக்‌ஷிகாவின் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மகள் வேலையை விட்டு ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. பக்கத்தில் அவள் இல்லாமல் சுமித்ரா கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

*

பத்தேகாலுக்கு ஹாஜியார் வந்தார். கூடவே அவர் மகள் ஸுமைரா. கையில் ஒரு நீளமான கடதாசிச் சுருள்.

லயத்தின் பின்பக்கம் போய் ஹாஜியார் விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரை போனது. வெளியே எடுத்த கையைத் துடைத்துக்கொள்ளாமலே நடந்தார்.

விஜயகலா அங்கே இல்லை. ரப்பர் பால் வெட்டப் போயிருந்தாள். அவளை நிற்கச் சொல்லும்படி நிதியத் தலைவர் இரண்டு தடவை சொல்லியும் சுமித்ரா கேட்கவில்லை. அழுகிற ஆளை முன்னுக்கு நிறுத்திக் கேட்கப்படாது என்பது தக்‌ஷிகாவின் இன்னொரு கட்டளை.

பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டிருந்தார்கள். பெரியவர்கள் உட்காரும் நாற்காலி நான்கு. மூன்றில் ஆட்கள் அமர்ந்தார்கள்.

"தலைவரே, இரிங்க" என்று ஹாஜியார் நான்காவதைக் காட்டினார்.

"பரவாயில்லங்க" என்று ராமச்சந்திரன் கதவோரம் நின்றுகொண்டான். வெளியே இருபது இருபத்தைந்து பேர் ஜன்னலருகே கூடியிருந்தார்கள்.

சுமித்ரா தண்ணீர் குடித்தாள். பிறகு கேட்டாள்.

"ஹாஜியார், இங்க பதினாலு குடும்பம் இருக்கு. உங்க காணியில பதினாலு வீட்டுக்கு எடம் வேணும். பதினாலையும் நீங்க தருவீங்களா?"

கேட்டாயிற்று. இனி அந்த நேரம் அவருடையது.

ஹாஜியார் மண் ஒட்டிய தன் விரல்களைப் பார்த்தார். கூரைக் கம்பியில் தொங்கிய வெறும் தொட்டில் காற்றுக்கு மெதுவாக ஆடியது. சுவர்க் கடிகாரத்தில் பத்து விநாடி. இருபது. சுமித்ரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஹாஜியாரின் முகத்தில் மறுப்பு இல்லை. அவர் உள்ளுக்குள் எதனோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் விட்டால் முடித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

கதவோரம் நின்றவனுக்கு அது தெரியவில்லை. தொரை பேசாமல் இருந்தால் தொரைக்குக் கோபம். கோபம் முற்றுவதற்குள் கேட்டதைக் குறைத்துவிட வேண்டும். இதை எவரும் ராமச்சந்திரனுக்குச் சொல்லித்தரவில்லை. ஆபீஸ் வாசலில், இரண்டு படி கீழே, அவனுடைய அப்பன் நின்ற அதே இடத்தில் நின்று நின்று வந்தது.

நாற்பதாவது விநாடியில் அவன் தொண்டையைச் செருமினான்.

"முடிஞ்சத பாத்து செய்யுங்க ஹாஜியார். பாதி கெடைச்சாலும் எங்களுக்குப் போதும்ங்க."

சுமித்ரா திரும்பிப் பார்க்கவில்லை.

ஹாஜியார் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள் இறங்கியது.

"பாதியா?"

"ஆமாங்க. ஏழு வீடுன்னாலும் பெரிய புண்ணியங்க."

"ஸுமைரா, அந்தப் பிளேன விரிங்க."

மேசையில் விரித்த நில அளவைப் படத்தைச் சுமித்ரா தலைகீழாகத்தான் பார்த்தாள். ஆனால் எண்கள் தெரிந்தன. பென்சிலால் போட்ட கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எண். ஒன்றிலிருந்து பதினான்கு வரை.

ஹாஜியார் அந்தப் படத்தை நடுவில் மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தினார். எட்டிலிருந்து பதினான்கு வரை கீழ்ப்பக்கம் போனது.

"மகன்மாரோட மூணு நாளா சண்டை" என்றார், யாருக்கோ சமாதானம் சொல்கிற குரலில். "ஏழுன்டா ஊட்டுலயும் சத்தம் இரிக்காது."

"ஹாஜியார், பாதி இல்ல. நாங்க கேட்டது பதினாலு..."

"தலைவரே போதும்ன்டு சொல்லிட்டாரே மகள்."

வெளியே யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். ஸுமைரா ஒரு முறை சுமித்ராவைப் பார்த்தாள். பிறகு படத்தைச் சுருட்டத் தொடங்கினாள்.

"சனிக்கிழம காணிய எழுதித்தர நொத்தாரிசு வாராரு" என்றபடி எழுந்தார் ஹாஜியார். "ஏழு குடும்பத்துட பேரையும் எழுதி ரெடியா வைங்க."

*

மத்தியானம் லயத்தில் ராமச்சந்திரனுக்கு யாரோ பால் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏழு கிடைத்ததே என்று கிழவர் ஒருவர் அவன் கையைப் பிடித்து அழுதார்.

"பாத்தியா?" என்றான் அவன் மனைவியிடம். "மனுசன் இறுகிப் போயி உக்காந்திருந்தாரு. நான் ரெண்டு வார்த்த பேசினதாலதான் எறங்கி வந்தாரு. ஒன் மிஸ் சொன்ன மாதிரி கம்முனு இருந்திருந்தா ஒண்ணுமே இல்லாம போயிருக்கும்."

படத்தில் பதினான்கு இருந்ததை அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்திருக்க முடியாது. அவள் சொல்லவில்லை. சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தது.

பால்வெட்டுக் கத்தியோடு விஜயகலா வந்தாள். அவள் கத்தியை வாசலில் வைத்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, ஏழு வீடுதானாமே. குடும்பமா இருக்கவங்களுக்குத்தான் மொதல்ல குடுப்பாங்க இல்ல? நான் இப்ப ஒத்தை ஆளுதானே."

சுமித்ராவுக்குப் பதில் வரவில்லை. இந்தத் தடவை பேசாமல் இருந்தது யாரும் கற்றுத்தந்ததால் அல்ல.

*

மூன்று மணிக்கு அலுவலகத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கோப்பாய்க்குப் போன் எடுத்தாள். நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னாள். கடிகாரம், தொட்டில், நாற்பது விநாடி, மடிப்பு எல்லாம். மறுமுனையில் தக்‌ஷிகா குறுக்கே பேசவேயில்லை.

"தலைவரை ஏசிப்போட்டியளோ அக்கா?" என்றாள் கடைசியில்.

"இல்லங்க மிஸ். ஆனா வயிறு எரியுது. அத்தன தடவ சொன்னேன்."

"ஏசாதேங்கோ. உங்களுக்கு நான் ஒண்டு சொல்லேல்லை. இந்த அமைதியாயிருக்கிற பாடத்தை நான் ஒரு வகுப்பிலயும் படிக்கேல்லை. அண்ணா காணாமப் போன வருசம் எனக்குப் பதினேழு வயசு. அம்மாவோட ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனனான். அங்க இருந்தவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். என்ர பிள்ளை எங்கையெண்டு கேள் எண்டா அம்மா. நான் கேட்டன். அவர் பேனையை வைச்சுப்போட்டு ஒண்டும் சொல்லாம எங்களைப் பாத்துக்கொண்டிருந்தார்."

சுமித்ரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. இல்லாட்டி மரணச் சான்றிதழாவது தாங்கோ எண்டு நானாச் சொன்னன். அம்மா சொல்லாத சொல்லு. அவர் உடன மேசை லாச்சியைத் திறந்து படிவம் எடுத்தார். அவருக்கும் ஆறுதலாய்ப் போச்சுது போல."

"அம்மா அத வாங்கினாங்களா மிஸ்?"

"வாங்கினவ. வீட்டை வந்து அலுமாரிக்குள்ள வைச்சவ. இண்டுவரைக்கும் பிரிச்சுப் பாக்கேல்லை. என்னை ஒரு சொல்லும் சொல்லேல்லை. இப்ப அவவைக் குளிப்பாட்டேக்கையும் என்னைப் பாக்கிறா, ஒண்டும் சொல்லுறேல்லை."

மருந்துக்கடைக்காரர் கீழே யாரோடோ சிங்களத்தில் விலை பேசும் சத்தம் கேட்டது.

"நான் செய்த பிழை அது மட்டுமில்லை அக்கா. நான் திரும்பிப் போகேல்லை. அடுத்த நாள் போய், நேற்று நான் சொன்னது என்ர சொல்லு, அம்மாவின்ரை இல்லையெண்டு சொல்லியிருக்கலாம். நான்தான் போயிருக்கவேணும். கேட்டதைக் குறைச்ச ஆள்தான் போகவேணும். உங்கட ஹாஜியார் இப்ப ஒளிச்சிருக்கிறது தலைவற்றை சொல்லுக்குப் பின்னால. அந்தச் சொல்லைத் தலைவர்தான் திருப்பி எடுக்க ஏலும். நீங்கள் நூறு தரம் போனாலும் ஏலாது."

"அப்ப அவர்கிட்ட நான் சொல்லணும். பதினாலு இருந்துச்சுன்னு."

"ஓம்."

"ஒடைஞ்சி போயிருவாரு மிஸ்."

மறுமுனையில் உள்ளேயிருந்து யாரோ தக்‌ஷிகாவைக் கூப்பிட்டார்கள்.

போனை வைத்த பிறகு சுமித்ரா தாள் எடுத்தாள். உதவி கிடைத்து இரண்டு நாளுக்குள் கையால் நன்றிக் கடிதம் எழுதிவிட வேண்டும், அதில் வேறொன்றும் கேட்கக் கூடாது என்பதும் அந்த முறையில் சேர்ந்ததுதான். ஹாஜியாருக்கு எழுதினாள். உறையில் போட்டு ஒட்டினாள். மூன்று வருடத்தில் இப்படி எழுதிய கடிதங்கள் நானூறுக்கு மேல் இருக்கும். ஒன்றுகூடக் கோப்பாய்க்குப் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இன்னொரு தாள் எடுத்தாள்.

'அன்புள்ள தக்‌ஷிகா மிஸ், இந்தக் கடிதத்தில் நான் உங்களிடம் எதையும் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் நான் நாற்காலியின் நுனியில் உட்காருகிறவள். முழுதாக உட்காருங்கோ அக்கா, அது உங்களுக்குப் போட்ட நாற்காலி என்று சொன்னீர்கள். இன்று ஒரு பெரிய மனிதருக்கு எதிரில் நாற்பது விநாடி முழுதாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆட்களில் எனக்கு முன் ஒருவரும் அப்படி உட்கார்ந்ததாக நான் அறியவில்லை. உங்கள் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து எடுத்துத்தான் எனக்குத் தந்தீர்கள் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அதன் பெறுமதி எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.'

கையெழுத்திட்டு, இரண்டு உறைகளையும் தபால் கந்தோரில் போட்டுவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் ஏறினாள்.

*

ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ராமச்சந்திரன் சுதர்ஷினியின் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் எழுதிக்கொண்டிருந்தான். மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை.

"அம்மா, அப்பா நம்ம பேர போடல."

"போட முடியாது" என்றான் அவன் தலை நிமிராமல். "தலைவன் தன் பேர மொதல்ல எழுதிக்கிட்டான்னா நாளைக்கு இந்த லயத்துல நடக்க முடியுமா? விஜயகலாவ மொதல்ல போட்டுட்டேன். புருசன குடுத்தவ. அப்புறம் கைப்பிள்ள உள்ள ரெண்டு வீடு. இன்னும் நாலு. யார விடுறதுன்னுதான் தெரியல." பேனையின் பின்புறத்தால் நெற்றியைத் தேய்த்தான். "ரெண்டு மணியிலேருந்து வந்துக்கிட்டே இருக்காங்க. வாழத்தார் ஒண்ண கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்கான் ஒருத்தன். எனக்கு வாழத்தாரு குடுக்கிறான், கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவன்."

வாழைத்தார் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு மேலே சுவரில், கூரை வரைக்கும், அந்த விரிசல். அதன் அடியில் சுதர்ஷினியின் பாய்.

சுமித்ரா கைப்பையை ஆணியில் மாட்டினாள். அவனுக்கு எதிரே முழுதாக உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்துல பதினாலு துண்டு போட்டிருந்திச்சுங்க."

அவன் நிமிர்ந்தான்.

"எந்தப் படத்துல?"

"ஹாஜியார் விரிச்ச பிளேன்ல. வரும்போதே பதினாலு கோடு போட்டு, நம்பர் போட்டுக் கொண்டாந்திருந்தாரு. நீங்க பாதின்னு சொன்ன பிறகுதான் மடிச்சாரு. என் கண்ணால பாத்தேன்."

அவன் கையிலிருந்த பேனை தாளின் மேல் அப்படியே நின்றது. மை ஊறி, நான்காவது பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு பொட்டாகப் பரவியது.

"நான் போனா எடுபடாது. சொன்ன வாயாலதான் திருப்பிக் கேக்கணும்" என்றாள் அவள். "காலையில கடைக்குப் போங்க. நாற்காலி குடுப்பாரு, உக்காருங்க. பதினாலுன்னு கேளுங்க. அப்புறம் பேசாதீங்க. போவீங்களா?"

ராமச்சந்திரன் அவளைப் பார்த்தான். பிறகு தாளைப் பார்த்தான். தாடை அசைந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தான் நின்ற இடங்கள் அத்தனையையும், கேட்டதும் வாங்கியதுமாக, அவன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பது போல இருந்தது.

"வேணாம்னா பரவாயில்..." என்று சுதர்ஷினி தொடங்கினாள்.

சுமித்ரா கையைத் தூக்கி மகளை நிறுத்தினாள். கண்ணைக் கணவனிடமிருந்து எடுக்கவில்லை.

நாற்பது விநாடி கடந்தது. அவன் இன்னும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.